கீழ்த்தாடை இன்னும் வளர்கிறது

12.6.2023, திங்கள்

தம்பி தளவாய் போட்டோ எடுக்காமலே திரும்பி வந்துவிட்டான். நாளை மறுநாள் கல்லூரியில் சேர வேண்டும். பாஸ்போர்ட் அளவில் நாலு படம் கேட்டிருக்கிறார்கள். ஸ்டுடியோக்காரர் கெட்டவர் இல்லை. "தம்பி, வாயை ஒழுங்கா மூடுங்க" என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இவன் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். அதற்கு மேல் மூடாது. கீழ்வரிசைப் பல் மேல்வரிசையைத் தாண்டி முன்னால் நிற்கிறது. உதடு எப்படிச் சேரும்?

"போன வருசத்துப் படத்தையே குடுத்துருல" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"அது வேற மூஞ்சி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

போன வருஷப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். ஒரே வருஷத்தில் தாடை எவ்வளவு முன்னால் வந்துவிட்டது! மூக்கைச் சுற்றி, கன்னத்துக்கு நடுவே, அந்த இடம் மட்டும் பத்து வயதில் நின்றது நின்றபடி நிற்கிறது. மீதி முகம் அதை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

எரிச்சலாக இருக்கிறது. யார் மேல் என்று தெரியாத எரிச்சல்.

14.6.2023

பழைய படத்தைத்தான் கொடுத்திருக்கிறான். வாங்கிக்கொண்டார்களாம்.

8.7.2023, சனி

திருநெல்வேலிக்குப் போய் வந்தோம், நான், அம்மா, தளவாய் மூன்று பேரும். முன்பு பார்த்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். இப்போது ஷாம் என்று ஒருவர், இளம் வயது. புது டாக்டர் என்றால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாவது டாக்டர் இவர். அம்மாவுக்கு மனப்பாடம்.

"ரெண்டு பிள்ளையும் ஒதடும் அண்ணமும் பொளந்துதான் பொறந்துச்சு சார். மூத்தவளுக்கு ஒரு வயசுல ஒதட்ட மட்டும் தச்சாவ. வெளிய மூடிட்டுல்லா, அதோட முடிஞ்சுன்னு நெனச்சிட்டோம். உள்ள ஓட்ட இருந்தது பதிமூணு வயசு வரைக்கும் அப்படியே கெடந்துட்டு. இவன் பொறந்த மறுவருசம் ஒரு முகாம் போட்டாவ. இவன் பதினோரு மாசக் கொழந்த. ஒரே வாரத்துல ரெண்டு பேருக்கும் உள்ள அடச்சு வுட்டாவ."

எட்டு வயதில் அவன் முகத்துக்கு வெளியே கம்பிச் சட்டம் மாட்டி, ரப்பர் போட்டு மேல்தாடையை முன்னால் இழுத்ததையும், பத்து வயதில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறில் வைத்ததையும் சொன்னாள். சட்டத்தை தினமும் பதினாலு மணி நேரம் போட்டிருக்க வேண்டும். போட வைத்தது நான். அதை அம்மா சொல்லவில்லை.

பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். போன வருஷத்துப் படத்தின் மேல் இந்த வருஷத்துப் படத்தைக் கணினியில் வைத்துக் காட்டினார். மேல்தாடை அசையவில்லை. கீழ்த்தாடை மூன்று மில்லிமீட்டர் வந்திருக்கிறது.

"குழந்தையா இருக்கும்போது அண்ணத்துல தையல் போட்டோம் இல்லையா, அந்தத் தழும்பு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. மேல்தாடையை முன்னால வர விடாது. கீழ்த்தாடையைப் பிடிக்க ஒண்ணும் இல்ல. அது பாட்டுக்கு வளருது."

"ஆபரேசன் எப்ப சார்?" தளவாய் கேட்டான்.

"வளர்ச்சி நின்னப்புறம். இப்ப பண்ணினா கீழ்த்தாடை மறுபடி முன்னால வந்துரும். ரெண்டாவது தடவை பண்ண வேண்டியிருக்கும்."

"எப்ப நிக்கும்?"

"பதினெட்டு, பத்தொன்பது. சில பசங்களுக்கு இருபதுகூட ஆகும்."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "சின்னப்பயே அந்த ஓட்டைய அடைக்காம வுட்டிருந்தா, என் மூஞ்சி ஒழுங்கா வளந்திருக்குமா சார்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "முகம் நல்லா வளர்ந்திருக்கலாம். பேச்சு தெளிவா வந்திருக்காது."

அதற்குள் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க என்னையும் ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். நான் ஏன் சரி என்றேன்? தெரியவில்லை. ஒரு திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டையோடு. இடது பக்கம் நான், வலது பக்கம் தம்பி. என் மேல்தாடை சரியான இடத்தில், பல் மேல் பல்லாக உட்கார்ந்திருந்தது.

"பாருங்க, ஒரே குடும்பம், ஒரே பிளவு! லேட்டா மூடினதுக்கும் சீக்கிரம் மூடினதுக்கும் என்ன வித்தியாசம்! பாடப்புத்தகத்துலயே போடலாம்."

சந்தோஷமாகச் சொன்னார். பிறகு எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "சாரி" என்றார்.

9.7.2023, ஞாயிறு

நேற்று பஸ்ஸில் வல்லநாடு தாண்டியதும் அவன் ஆரம்பித்தான்.

"ஒனக்கு மூஞ்சி கெடச்சுட்டு."

"ஒனக்குப் பேச்சு கெடைக்கலையா?"

"பேச்ச வச்சு என்ன பண்ண? பேசணும்னா மூஞ்சியக் காட்டணும்லா?"

"நீ ஒரு நாள் என் வாயோட இருந்து பாருல. கடையில போயி ஒரு சோப்பு கேட்டு வாங்கிப் பாரு."

பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தது. என்னைத்தான். என் குரல் உயர்ந்தால் மூக்குக்குள் இருந்து ஊதுகிற மாதிரி இருக்கும். இங்கே நான் பேசியதைச் சரியாகவே எழுதிக்கொள்கிறேன். கேட்டவர்கள் காதில் எப்படி விழுந்ததோ.

பதினாலு மணி நேரச் சட்டத்தைப் பற்றியும் கேட்டான். "அத மாட்டிக்கிட்டு நா தூங்காமக் கெடந்தேன். கழட்டுனா நீ வந்து மாட்டுவ. என்ன பிரயோசனம்?" அப்போது ஒரு வருஷம் பல் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் வளர்ச்சி வந்து அதை அழித்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

20.9.2023, புதன்

ஆபீஸில் இன்று மானம் போனது.

ஏற்றுமதிக் கன்டெய்னர் எண்ணை லாரி டிரைவரிடம் போனில் சொன்னேன். நாலு எழுத்து, ஏழு இலக்கம். இரண்டு தடவை சொன்னேன். 'டி' என்று சொன்னதை அவர் 'என்' என்று எழுதிக்கொண்டாராம். லாரி வேறொரு யார்டுக்குப் போய் அரை நாள் நின்றது. கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கும் கட்டாஃப் நேரம் முடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் சரியானது.

முதலாளி பொன்னுதுரை அண்ணாச்சி சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "நீ தப்பாச் சொல்லலம்மா. அவன் காதுல தப்பா விழுந்துட்டு. ஆனா லாரி அங்கன போயில்லா நின்னுட்டு?" என்றார். நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தார். "இனி நீ போன் எடுக்காண்டாம். டைப் மட்டும் பாரு."

எட்டு வருஷமாக இந்த ஆபீஸில் ஒரு ஷிப்பிங் பில்லில் ஒரு எழுத்து நான் தப்பாக அடித்ததில்லை. அதையும் அவரே சொன்னார். அதுதான் இன்னும் ஆத்திரம்.

7.11.2023, செவ்வாய்

பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். தீபாவளிக் கூட்டம். ஒரு விளம்பர ஆட்டோ மெதுவாக வந்தது. "பட்டுன்னா பட்டு... நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்குன்னே..." கணீரென்ற குரல். பக்கத்தில் நின்ற பெண் கைப்பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "குரலப் பாரேன், ரேடியோக்காரன் மாதிரி" என்றாள்.

என் தம்பி குரல்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். இரண்டு மாதமாக ராஜதுரை சவுண்ட் சர்வீஸில் பேசிப் பதிவு செய்து கொடுக்கிறானாம். கல்லூரி முடிந்ததும் போகிறான். யாரிடமும் சொல்லவில்லை. "மைக்குக்கு மூஞ்சி தெரியாதுல்லா" என்றான்.

பெருமையாக இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. அதை இன்று எழுத வேண்டாம்.

24.12.2023, ஞாயிறு

மழைவெள்ளம் வடிந்து மூன்று நாளாகிறது. முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. பக்கத்து வீட்டு மாடியில் நாலு நாள் இருந்தோம். கட்டில், பீரோ அடித்தட்டு, அரிசி எல்லாம் போயிற்று. எக்ஸ்ரே படங்கள் வைத்திருந்த கவர் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் பார்த்தேன், தோல் மாதிரி உரிந்தது.

திருநெல்வேலி ரோடு அறுந்து கிடக்கிறது. செப்டம்பரில்தான் அவனுக்குப் பல்லில் கம்பி போட்டிருந்தார்கள். மாதாமாதம் போய் முறுக்க வேண்டும். இந்த மாதம் போக முடியவில்லை. கம்பி நுனி ஒன்று கிளம்பி உள்கன்னத்தைக் குத்திப் புண்ணாகிவிட்டது. இன்று காலை டிரெய்லர் லாரி ஓட்டும் அப்பாவின் டூல்ஸ் பெட்டியிலிருந்து குறடை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொண்டான். ரத்தம். அம்மா கத்தினாள். அவன் கத்தவில்லை. வாய் கொப்பளித்துவிட்டுச் சேற்றை அள்ளப் போய்விட்டான்.

6.7.2024, சனி

இன்னும் இரண்டு மில்லி.

இரண்டு மில்லி! பதினெட்டு முடிந்து பத்தொன்பது ஆகப்போகிறது. போன வருஷம் மூன்று, இந்த வருஷம் இரண்டு. "குறைஞ்சுட்டே வருது, நல்ல விஷயம்" என்கிறார் டாக்டர். நல்ல விஷயமாம். மனிதர்கள் உயரமாக வேண்டும் என்று கம்பியில் தொங்குவார்கள். நாங்கள் வருஷா வருஷம் போய் நின்று, வளராதே வளராதே என்று கும்பிடுகிறோம்.

கம்பி போட்ட பிறகு முன்னைவிட மோசமாகத் தெரிகிறது. அது வேண்டுமென்றே செய்வது. இத்தனை வருஷமாகப் பற்கள் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அதை நிமிர்த்தினால்தான் ஆபரேஷனில் தாடை சரியாகப் பொருந்துமாம். அதனால் சரி செய்வதற்காக முதலில் இன்னும் கெடுக்கிறார்கள். பரோட்டாவை முன்பல்லால் பிய்க்க முடியவில்லை. அம்மா பிய்த்துப் போட்டுக் கொடுக்கிறாள், பத்தொன்பது வயதுப் பையனுக்கு.

7.7.2024

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். நான் தட்டவில்லை.

16.10.2024, புதன்

உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் செய்தி வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டோவில் போகிற குரலைக் கேட்டு, யார் என்று விசாரித்து, அவர்களே போன் பண்ணியிருந்தார்கள். நேற்று சாயங்காலம் முழுதும் சட்டையை இஸ்திரி போட்டான். நான்தான் நீலச் சட்டை என்றேன்.

பதினோரு மணிக்குப் போனவன் பன்னிரண்டுக்குத் திரும்பிவிட்டான்.

"என்னல ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் பேசுனாவ. 'தம்பி, கொரல் மட்டும் போதும். பின்னால இருந்து பேசுங்க, முன்னால வேற ஒரு பிள்ள உக்காரும்'னு சொன்னாவ."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னுட்டு வந்துட்டேன்."

சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்தான். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பெண் பார்க்க வருகிறவர்கள் என் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். உதட்டில் மெல்லிய கோடு, அவ்வளவுதான். நான் "வாங்க" என்று சொன்னதும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மூன்று தடவை நடந்தது. நாலாவதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு இது தெரியும். எனக்கு அவனுடையது தெரியும். ஆனாலும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்ல வரவில்லை. வாயைத் திறந்தால் சண்டைதான் வருகிறது.

11.1.2025, சனி

மாற்றம் இல்லை! ஆறு மாதத்தில் ஒரு மில்லிகூட இல்லை.

ஆனால் பெரிய சர்ஜன் ஏப்ரலில் இன்னொரு படம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். மறுபடியும் மூன்று மாதம். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த எக்ஸ்ரே மெஷினை இரண்டாக முறித்துப் போடலாம்.

12.4.2025, சனி

நின்றுவிட்டது. இனி வளராது. மேல்தாடையை அறுத்து பத்து மில்லி முன்னால் நகர்த்தி பிளேட் போடலாம் என்றார் சர்ஜன். அம்மா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். மேல்தாடை முன்னால போகும்போது அண்ணத்தையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும். பின்னால தொண்டையில இடைவெளி விழலாம். அப்போ பேசுற காத்து மூக்கு வழியா வந்துரும். எல்லாருக்கும் ஆகாது. இவருக்கு மூக்கு வழியா கேமரா விட்டுப் பார்த்தோம். அண்ணம் இப்பவே கஷ்டப்பட்டுத்தான் தொண்டையைத் தொடுது. அதனால சொல்றேன்."

"பேச்சு எப்படி ஆகும்?" என்றான் தளவாய்.

டாக்டர் ஷாம் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

13.4.2025, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நேற்று அதைக் கேட்டதும், ஒரு நிமிஷம், அப்படியே ஆகட்டும் என்று நினைத்தேன். அவனும் என்னை மாதிரி ஆகட்டும். வீட்டில் நான் ஒருத்திதானா?

ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் நினைத்தேன்.

16.4.2025, புதன்

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அவன் எனக்காகக் காத்திருந்தான். மொட்டை மாடிக்கு வா என்றான். கேட்பதைக் கேட்டுவிட வேண்டும் என்ற முகம்.

"யக்கா, ஒன்ன மாதிரி பேச்சு இருந்தா எப்படி இருக்கும்?"

முதலில் கன்னத்தில் ஒன்று போடலாமா என்று இருந்தது. அப்புறம் யோசித்தேன். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதே இல்லை. அம்மா கேட்டதில்லை, அப்பா கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

சொன்னேன். ஓட்டலில் எனக்குப் பிடித்ததைக் கேட்பதில்லை, என் வாய்க்குச் சொல்ல வருவதைக் கேட்கிறேன். 'மோர்' என்றால் யாருக்கும் புரியும், 'சப்பாத்தி' என்றால் மூன்று தடவை சொல்ல வேண்டும். யாராவது போனில் கூப்பிட்டால் எடுக்காமல் விட்டுவிட்டு, 'மெசேஜ் பண்ணுங்க' என்று எழுதி அனுப்புவேன். நான் பேசினால் ஜனங்கள் எனக்குப் பதில் சொல்வதில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொல்லுதாவ?" என்று கேட்கிறார்கள். காது கேட்காது, புத்தி மட்டு என்று நினைத்துக்கொண்டு கத்திப் பேசுகிறவர்கள் உண்டு. ஆத்திரத்தில் இருக்கும்போதுதான் பேச்சு இன்னும் குழறும். அதனால் நியாயம் என் பக்கம் இருக்கிற நேரத்தில்தான் நான் வாயை மூடிக்கொள்வேன்.

எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. அவன் ஒரு வார்த்தையும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. அவனுக்கு மட்டும் நான் பேசுவது முழுதாகப் புரியும். பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு.

"அப்ப வேண்டாங்கியா?"

"நா அப்படிச் சொல்லலல. என் மூஞ்சியப் பாத்து ஒருத்தரும் மூஞ்சியத் திருப்புனதில்ல. அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியாது. ஒனக்குத்தான் தெரியும். நீதான் சொல்லணும்."

அந்தப் பக்கம் உப்பளத்தில் வேலை முடிந்து பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ரெண்டும் வேணும்க்கா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதை அவனிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

19.4.2025, சனி

அப்பா பெங்களூர் லோடு இறக்கிவிட்டு வந்தார். சோறு போடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒனக்கு மூடாம வுட்டேன். அவனுக்கு மூடச் சொன்னேன். ரெண்டுலயும் தப்பாப் போச்சே தாயி."

"அவன் பேசுதாம்லாப்பா. அது தப்பில்ல."

"ஒனக்கு?"

நான் ரசத்தை எடுக்க எழுந்து போனேன்.

26.4.2025, சனி

தளவாய் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டான். நாங்கள் யாரும் நினைக்காத கேள்வி.

"மேல பத்து மில்லி முன்னால கொண்டு வாரதுக்குப் பதிலா, மேல கொஞ்சம் முன்னால, கீழ கொஞ்சம் பின்னாலன்னு பண்ணக்கூடாதா சார்?"

ஷாமும் சர்ஜனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பண்ணலாமாம். மேலே ஆறு, கீழே நாலு. அண்ணத்துக்கு இழுப்பு குறையும். ஆனால் இரண்டு தாடையையும் அறுக்க வேண்டும், ஆபரேஷன் நீளும், கீழுதட்டில் மரத்துப்போன உணர்ச்சி கொஞ்ச நாள் இருக்கலாம். கன்னமும் முழுதாக நிரம்பாது.

"பாதி மூஞ்சிதான் சரியாவுமா?"

"பல் சேரும். கடிக்கலாம். முகம் நல்ல மாற்றம் தெரியும். ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு இல்ல."

"பேச்சு?"

"ஆபத்து குறைவு. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் கேட்டேன், உனக்கு எப்படித் தோன்றியது என்று. போனில் தேடித் தேடிப் படித்தானாம். ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்று அம்மா சொன்னது இதனால்தான்.

20.5.2025, செவ்வாய்

மேலே ஆறு, கீழே நாலு என்றே முடிவு செய்திருந்தான். காலை எட்டுக்கு ஆபரேஷனுக்குக் கொண்டு போனார்கள். இரண்டரைக்கு வெளியே வந்தான். பார்த்ததும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் பரங்கிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. இப்படித்தான் இருக்கும் என்று நூறு தடவை சொல்லியிருந்தார்கள், ஆனாலும்.

3.6.2025, செவ்வாய்

பல்லோடு பல்லை ரப்பர் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கஞ்சி, ஜூஸ், மோர். எட்டுக் கிலோ குறைந்துவிட்டான். பல்லுக்கு நடுவே காற்று மாதிரி ஏதோ சொல்கிறான், அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னல? என்னல?" என்று கத்துகிறாள். அவன் தலையில் அடித்துக்கொள்கிறான்.

பக்கத்து அறையிலிருந்து எனக்கு மெசேஜ் அனுப்பினான்: "நான் சொல்றது யாருக்கும் புரியல. எல்லாரும் காது கேக்காதவன்கிட்ட பேசுற மாதிரி கத்துறாங்க. கொலைவெறியா வருது."

"வரும்" என்று பதில் அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "சாரிக்கா" என்று வந்தது.

28.6.2025, சனி

ரப்பரைக் கழற்றிவிட்டார்கள். உதடு சேர்கிறது. வீக்கம் இன்னும் போகவில்லை, ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் வேறு ஆள். வேறு ஆள் என்றால், அப்பா சாயல். இத்தனை நாள் அது தெரியாமலே இருந்திருக்கிறது.

பேச்சுப் பயிற்சி தருகிற ஜீவமணி மேடம் அவன் மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்தார். "பப்பா, சாச்சா, காக்கா சொல்லுங்க." சொன்னான். 'ச'வுக்கும் 'க'வுக்கும் கண்ணாடியில் லேசாக ஆவி படிந்தது. அவனும் பார்த்துவிட்டான்.

"கொஞ்சம் லீக் இருக்கு. வீக்கம் வடியணும், பயிற்சி பண்ணணும். ஆறு மாசம் பார்ப்போம். பயப்படாதீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எங்க காட்டுறீங்க?" என்று கேட்டார்.

"எங்கயும் இல்ல மேடம்."

முதல் தடவையிலேயே புரிந்துகொண்டார். "கடைசியா எப்போ காட்டினீங்க?"

"பதிமூணு வயசுல. ஆபரேசன் முடிஞ்சு ரெண்டு பேச்சு கிளாசுக்கு மதுரைக்குப் போனோம். அப்புறம் போகல. போகப் போகப் பழகிரும்னாவ."

"பத்தொன்பது வருஷமா யாரும் உள்ள பார்க்கவே இல்லையா?"

இன்றைக்கே பார்த்துவிடலாம் என்றார். மூக்குக்குள் கேமரா போனபோது கண்ணில் தண்ணீர் கொட்டியது. திரையில் என் அண்ணம் மேலே எழும்பி, தொண்டைச் சுவரைத் தொடாமல், நடுவே ஒரு கறுப்பு இடைவெளியை விட்டுவிட்டு இறங்கியது. மறுபடி எழும்பியது. மறுபடி தொடவில்லை. அது பாட்டுக்கு முயற்சி செய்துகொண்டே இருந்திருக்கிறது, நான் பேசிய ஒவ்வொரு வார்த்தைக்கும்.

சர்ஜன் வந்து பார்த்தார். தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு துண்டுத் தசையை எடுத்து அண்ணத்தோடு தைத்தால் இடைவெளி குறையுமாம். அதன் பிறகு ஒரு வருஷமாவது பயிற்சி. "முழுசா சரியாகும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா இப்ப இருக்கிறதுக்கு நல்லா மாறும்."

"முப்பத்திரண்டு வயசுலயா?"

"சின்னக் குழந்தைன்னா, இதைத் தொட்டா முகம் வளர்றது பாதிக்குமோன்னு ஆயிரம் யோசிப்போம். உங்களுக்கு வளர வேண்டியது எல்லாம் வளர்ந்தாச்சு."

29.6.2025, ஞாயிறு

பத்தொம்போது வருசம்! இருவத்தஞ்சு தடவையாவது அவன்கூட அந்த ஆஸ்பத்திரி படி ஏறியிருக்கேன். ஃபைலைத் தூக்கிக்கிட்டு, அவன் பேருக்கு டோக்கன் வாங்கிக்கிட்டு, பெஞ்சில உக்காந்துக்கிட்டு. என்னையப் படம் புடிச்சு அவன் பக்கத்துல வச்சுப் பாத்தாங்களே, அன்னைக்காவது ஒருத்தருக்குக் கேக்கத் தோணலையே, இந்தப் பொம்பளைக்கு என்ன செய்யலாம்னு. எனக்கே தோணலையே! பல் டாக்டர், தாடை டாக்டர்னு அவங்க அவங்க இடத்தைப் பாத்தாங்க. நான் என்ன, மண்டையோடா? எடது பக்கத்துப் படமா?

யாரைத் திட்ட? முகாமில் மூடிவிட்டுப் போனவர்களையா, பழகிவிடும் என்றவர்களையா, மதுரை பஸ்ஸை நிறுத்திய அப்பாவையா? நான் வாய் திறந்து கேட்டிருக்கலாம். கேட்பதற்கும் வாய்தான் வேண்டும்.

காலையில் அம்மா, "இனிமே எதுக்குளா ஒனக்கு அதெல்லாம், இருக்கிறது போதாதா?" என்றாள். தளவாய் அங்கே இருந்தான். பேச்சு இன்னும் முழுதாக வராத வாயோடு, "போதாதும்மா" என்றான். 'போ' சரியாக வந்தது.

11.8.2025, திங்கள்

அவன் மறுபடியும் மைக் முன்னால் போனான். ராஜதுரை கேட்டுவிட்டு, "சளி புடிச்சிருக்காடே?" என்றாராம். ஆடித் தள்ளுபடி விளம்பரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். வந்து படுத்துக்கொண்டான். ஒரு மணி நேரம் கழித்து அறைக்குள்ளிருந்து "சாச்சா, சீச்சீ, சூச்சூ" என்று சத்தம் வந்தது. கோபமான சத்தம். அரை மணி நேரம் நிற்காமல் சொன்னான்.

முகத்தைப் பற்றி அவன் இப்போதெல்லாம் பேசுவதில்லை. தெருமுனைக் கடையில் நின்று டீ குடிக்கிறான் என்று அப்பா சொன்னார். முன்பு நிற்க மாட்டான்.

6.9.2025, சனி

கண்ணாடியில் இன்று 'க'வுக்கு ஆவி படியவில்லை. 'ச'வுக்கு இன்னும் கொஞ்சம். ஜீவமணி மேடம் நம்பிக்கையாகப் பேசுகிறார். எனக்கு ஆபரேஷன் 16ஆம் தேதி என்று குறித்துவிட்டார்கள். பொன்னுதுரை அண்ணாச்சியிடம் ஒரு மாத லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இத்தன வருசமா ஏம்மா சொல்லல?" என்றார். எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

15.9.2025, திங்கள்

மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குக் கால்வலி, வீட்டிலேயே இருந்துவிட்டாள். தளவாய்தான் கூட வந்திருக்கிறான். பையைத் தூக்கிக்கொண்டு, ஃபைலைப் பிடித்துக்கொண்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு.

வார்டில் இருந்த சிஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அவனிடம், "பேஷண்ட் யாருப்பா, நீயா?" என்றார்.

"நான் இல்ல சிஸ்டர். எங்க அக்கா."

"இவங்களுக்கு வயசு என்ன? இதுக்கு முன்னாடி என்னென்ன ஆபரேஷன் ஆயிருக்கு?" அவனைப் பார்த்தேதான் கேட்டார், பேனாவைத் திறந்துகொண்டு. கடையில், பஸ்ஸில், ரேஷனில் எனக்காக அவன் எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறான். எல்லாம் அவனுக்குத் தெரியும், தேதி உட்பட.

"அவங்ககிட்டயே கேளுங்க சிஸ்டர்" என்றான்.

சொன்னேன். முப்பத்திரண்டு. உதட்டுக்கு ஒரு வயதில், அண்ணத்துக்குப் பதின்மூன்றில்.

"என்னம்மா?"

மறுபடி சொன்னேன். "கொஞ்சம் மெதுவா" என்றார். தளவாய் ஜன்னலோரம் போய் வெளியே பார்த்தபடி நின்றான். மூன்றாவது தடவை சொன்னேன். எழுதிக்கொண்டார்.